நாலு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே

"எம் மவ கையில நேரம் தங்காது மாப்பிள, ஆனா..." என்று கல்யாணப் பந்தியில் இலைக்கு மேலே குனிந்து மாமனார் சொன்னது உலகநாதனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அந்த ஆனாவுக்குப் பிறகு அவர் சொன்னதுதான் ஞாபகத்தில் இல்லை. அந்த நேரம் பார்த்து ரசம் ஊற்றுகிறவர் குறுக்கே வந்தார், எதிர்ப் பந்தியில் யாரோ சிரித்தார்கள், பக்கத்து இலைக்காரர் அவன் முழங்கையைத் தட்டி மஸ்கட்டுக்கு என்றைக்கு டிக்கெட் என்று கேட்டார், அவன் அந்தப் பக்கம் பதில் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பியபோது மாமனார் சொல்லி முடித்து, விளங்கிற்றா என்பதுபோல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கியதாகத் தலையாட்டினான். பிறகு பதினேழு வருஷம், மஸ்கட்டில் ஒரு மீன் குளிர்கிடங்கில் ஸ்டோர்கீப்பராக, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வந்து போகிற புருஷனாக, அந்தப் பாதி வாக்கியத்தை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தினான். மாமனாரும் இடையில் இறந்துபோனார். மீதிப் பாதியைக் கேட்க ஆள் இல்லை.

போன மாசியில் ஒரேயடியாகத் திரும்பிவந்தான். தாமிரபரணிக்கு இந்தப் பக்கம், ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார்கள் சேர்ந்து மனை வாங்கிக் கட்டிய ஆசிரியர் காலனியில், மூன்றாம் தெருவில் அவன் வீடு. கொண்டுவந்தது இரண்டு கம்பளி, மூன்று டின் பால்பவுடர், ஒரு பெட்டி பேரீச்சம்பழம், கிடங்கில் வழியனுப்பும்போது கொடுத்த ஒரு சுவர்க்கடிகாரம். வந்த மூன்றாம் செவ்வாய்க்கிழமை தெருவில் மணி நாலு ஆயிற்று; ஆன பிறகும் நாலாகவே இருந்தது.

தையல் தைக்கும் ஆக்னஸ் அக்கா வீட்டுச் சுவரில் வேப்பமரத்து நிழல் மூன்றாவது செங்கல் வரிசையில் நின்றது நின்றபடி இருந்தது, நாலு மணிக்கு நிற்க வேண்டிய குழாய்த்தண்ணீர் நிற்காமல் வந்தது, தெருமுனையில் ஒரு பஸ் அடிக்க ஆரம்பித்த ஹாரன் முடியாமல் நூல்போல மெலிந்து ஒரு மணி நேரமும் இழுத்துக்கொண்டே இருந்தது, அந்த நூலுக்குக் கீழே தெரு தன் வேலையைப் பார்த்தது. குடத்தை நிரப்பினவர்கள் அண்டாவை நிரப்பினார்கள், அண்டா நிரம்பினவர்கள் மாவு சலிக்கும் தட்டிலும் குழந்தையின் வாளியிலும் பிடித்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வரும்போது கேள்வி கேட்கிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து ஹாரன் சத்தம் பட்டென்று முடிந்தது, பஸ் போயிற்று, நிழல் நாலாவது செங்கலுக்கு ஏறியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"கல்ஃப் அண்ணாச்சி கொண்டுவந்த கடிகாரம்தான்" என்று தெரு முடிவுகட்டியது. ஆட்கள் வந்து வந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பின்பக்கம் திருப்பிப் பேட்டரியைப் பார்த்தார்கள், ஆக்னஸ் அக்கா அதற்கு ஒரு முழம் கதம்பம் போட்டாள். "அவன் அவன் செண்டு பாட்டில் கொண்டாருவான், டார்ச் லைட்டு கொண்டாருவான். நீரு எங்களுக்கு ஒரு மணி நேரத்தைக் கொண்டாந்திருக்கீரு வே" என்று காலனிச் சங்கச் செயலாளர் சொர்ணவேல் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். உலகநாதன் மறுக்கவில்லை. அவனுக்கு மட்டும் அந்த மணி புதிதாகத் தெரியவில்லை. கொல்லையில் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து அதற்குள் கண்ணை மூடியபோது, கிடங்கில் மத்தியானம் இரண்டரைக்கு அட்டைப்பெட்டிகள்மேல் படுத்துத் தான் தினமும் தூங்கிய, மற்றவர்களுக்கு வாய்க்காத, அடிகாணாத தூக்கத்தின் குளிர் அதில் இருந்தது. அது எப்படி இங்கே வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தான். யோசனை முடியுமுன் தூங்கிவிட்டான்.

வாத்தியார்கள் கட்டிய தெரு என்பதால் அங்கே எதற்கும் டைம்டேபிள் உண்டு. குழாயடிக்கு டைம்டேபிள், பிள்ளையார் கோயில் விளக்குக்கு டைம்டேபிள், யார் வீட்டு மரத்துச் சருகை யார் பெருக்குவது என்பதற்கும் டைம்டேபிள். கூடுதல் மணிக்கும் பதினைந்து நாளில் விதிகள் வந்துவிட்டன: அதில் சண்டை போடக் கூடாது, ஏனென்றால் அதில் தொடங்கிய ஒரு சண்டை ஹாரன் முடிந்த பிறகும் ஓயவில்லை, துக்கம் விசாரிக்கப் போகக் கூடாது, பால் காய்ச்சலாம், உறை ஊற்றக் கூடாது. ஆக்னஸ் அக்கா அதில் தினம் இரண்டு ரவிக்கை அதிகம் தைத்தாள். கடைசி வீட்டுத் தங்கையா சார் தூங்கினார். மூன்று வருஷமாகப் பக்கவாதத்தில் கிடந்த அவர் மனைவி ரூத் டீச்சர் இரவும் பகலும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "ஏங்க" என்று கூப்பிடுவாள். அந்த ஒரு மணியில் மட்டும் கூப்பிடமாட்டாள். முதல்நாள் தூங்கி எழுந்த தங்கையா சார் தெருவில் வந்து நின்று, மழையில் நனைகிறவர்போல் முகத்தை வானத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த மணியில் உலகநாதனின் மனைவி பிரமநாயகியைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, அவனும்தான்.

பிரமு என்று கூப்பிடப்பட்ட அந்தப் பிரமநாயகியோடு தொடர்ந்தாற்போல் நாற்பது நாளுக்கு மேல் அவன் வாழ்ந்தது இப்போதுதான். விடுப்பில் வருகிறவனுக்கு வீடு திருவிழாவாக இருந்தது; தங்கிவிட்டவனுக்குத் தலைசுற்றியது. காலையில் இட்லித் தட்டில் தடவ எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கப் போவாள், கிண்ணத்துக்குப் பக்கத்தில் மகள் ஆதிரையின் கம்பாஸ் பெட்டி இருக்கும், அதைப் பைக்குள் வைக்கப் போவாள், பைக்குள் போன வாரமே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டிய பள்ளிக்கூடத் தாள் இருக்கும், பேனா தேடப் போவாள், பேனா டப்பாவில் கொத்தமல்லி விதை இருக்கும், இன்றைக்கே போட்டுவிடலாம் என்று கொல்லையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து கருகல் வரும், ஓடிவருவாள், வருகிற வழியில் காயப்போட்ட துணி மேலே விழும். வீட்டின் ஒவ்வொரு ஜன்னலிலும் பாதி குடித்த காப்பி ஒன்று ஆடை கட்டி இருந்தது. பேசினால் எதிராளி முடிக்குமுன் முடிப்பாள், முடித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். இதே பிரமு ஒரு வேலைக்குள் விழுந்தாள் என்றால், ஆக்னஸ் அக்காவின் பழைய தையல் மிஷினைக் காலை பத்து மணிக்குக் கழற்றி, தண்ணீர்கூடக் குடிக்காமல், சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ரூத் டீச்சர் விழுந்த அன்றைக்கு முதலில் ஓடியவளும், ஆட்டோ பிடித்தவளும் அவள்தான். அடுப்பை அணைக்க மறந்து போனதால் வீட்டுச் சமையலறை கறுத்தது.

"உனக்கு அக்கறை இல்ல பிரமு, அதான் விஷயம்" என்று அவன் சொல்லுவான்.

"அக்கறை இருக்குங்க, அத எங்கயோ வச்சிட்டேன்" என்று அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வருவாள்.

அவளிடம் முடிக்காத ஒன்று இருந்தது, அதுதான் அவளை எதைவிடவும் அரித்தது. அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு, பதினொரு பேப்பர் பாஸ், ஒன்று பாக்கி, அது ஒன்பது வருஷமாகப் பாக்கி. வரும் ஜூலை பதினெட்டாம் தேதி எழுதாவிட்டால் பழைய பாடத்திட்டம் முடிந்துபோகும், பதினொன்றும் சேர்ந்து போய்விடும். காலையெல்லாம் வீட்டுவேலை, அஞ்சு மணிக்கு மேல் ஆதிரை. நாலிலிருந்து அஞ்சுதான் அவளுக்கு வாய்த்த நேரம். தினமும் மூன்றரைக்குப் புத்தகத்தோடு சாப்பாட்டு மேசையில் உட்காருவாள். எதையோ எடுக்க ஒரு நிமிஷம் எழுந்திருப்பாள். திரும்பி வந்து உட்காரும்போது அஞ்சு அடித்து, ஆதிரை ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்கு நாலு மணிக்கு அடுத்தது அஞ்சு மணி. தெருவுக்கு நாலு மணிக்கு அடுத்தது இன்னொரு நாலு மணி.

இரண்டையும் முதலில் முடிச்சுப்போட்டவள் ஆக்னஸ் அக்கா. சித்திரையில் பிரமு தென்காசியில் அக்கா மகள் பூப்பு நீராட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளும் தெருவில் மணி நாலு ஆகி, நாலு ஒன்றாயிற்று. கடிகாரம் சுவரில்தான் இருந்தது, கதம்பமும் வாடாமல் இருந்தது, குழாய் மட்டும் நின்றுவிட்டது. பிரமு திரும்பி வந்த அன்றைக்கு ஹாரன் மறுபடி இழுத்தது. ஆக்னஸ் அக்கா ஊசியைச் சேலையில் குத்திவைத்துவிட்டுச் சங்க அறைக்குப் போனாள். "சார், கடிகாரம் இல்ல சார் அது. நம்ம பிரமு தொலைக்கிற நேரம் சார்."

அதற்குப் பிறகு தெரு செய்ததை வேறொரு தெரு செய்திருக்காது. வாத்தியார்கள் அல்லவா, ஒரு நல்ல விஷயத்தை அதன்போக்கில் விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவள் என்றைக்காவது கவனமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு டைம்டேபிள் போட்டார்கள். திங்கள் ஆக்னஸ் அக்கா, செவ்வாய் சொர்ணவேல் சார் வீட்டம்மா, புதன் எதிர்வீடு, இப்படி ஆளுக்கொரு நாள் சரியாக மூணே முக்காலுக்கு அவள் வீட்டு மணியை அடித்து ஒன்று கேட்பது. "ஏட்டி பிரமு, இந்த ஊசியில நூலக் கோத்துத் தா." "பிரமு, போன வருசம் ஒரு கொலு பொம்மை காட்டுனியே, அது எங்க வாங்குன?" அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நூல் கோக்க எழுந்தவள் கண்ணாடியைத் தேடுவாள், கண்ணாடியைத் தேடப்போய்ப் பழைய ஆல்பத்தை எடுப்பாள், தெருமுனையில் பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பிக்கும். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. மணி முடிந்ததும் யாராவது ஒரு வீட்டிலிருந்து அவளுக்குப் பணியாரமோ, முறுக்கோ, ஒரு தூக்குப் பாயசமோ வரும்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள் என்று சொர்ணவேல் சார் நோட்டை எடுத்துக்கொண்டு உலகநாதனிடம் வந்தார். "உம்ம வீட்டு விசயம், உமக்குத் தெரியாம செய்யக் கூடாதுல்லா. ஒரு கேள்வி வே. புருசன் பொண்டாட்டிகிட்ட ஒரு கேள்வி கேக்கப்படாதா?"

அவன் நோட்டைப் பார்த்தான். கொல்லையின் கயிற்றுக்கட்டிலையும், ஊருக்குத் திரும்பிவந்தவனை அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று யாரும் கேட்காத அந்த ஒரு மணி நேரத்தையும் நினைத்தான். ஞாயிறு என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூணே முக்காலுக்கு, "பிரமு, நகவெட்டி எங்க?" என்று கேட்டான். நகவெட்டி அவன் சட்டைப் பையில் இருந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஆதிரையின் வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பினார். பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறாள், ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். மூன்று பேருமாகப் போனார்கள். அந்தப் பெண் டாக்டர் ஆதிரையிடம் அரைமணி பேசிவிட்டு, பிறகு பேனாவைக் கீழே வைத்துப் பிரமுவைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பிரமு கேள்வி முடியுமுன் பதில் சொன்னாள்.

"பிள்ளைக்கு லேசா இருக்கு. உங்களுக்கு நல்லாவே இருக்கு" என்றார் டாக்டர். "ஏ.டி.எச்.டி.ன்னு சொல்லுவோம், கவனம் ஒரு இடத்துல நிக்காது. இன்னைக்கு வந்தது இல்ல, நீங்க பள்ளிக்கூடம் போறப்பவே இருந்திருக்கும். பையனா இருந்தா பெஞ்சு மேல ஏறிக் குதிப்பான், ஊருக்கே தெரியும். நிறைய பொம்பளப் பிள்ளைங்களுக்கு அது உள்ளுக்குள்ளயே ஓடும். யாரும் பாக்க மாட்டாங்க."

"அப்பம் நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?"

"சோம்பேறியா இருந்தா இவ்வளவு களைச்சுப்போயிருக்க மாட்டீங்கம்மா."

பஸ்ஸில் பிரமு வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் சாவு வீட்டுக்குப் போகிறவள் என்று நினைத்து இடம் விட்டார்கள். அழுகையின் நடுவே ஜன்னல் வழியே வேர்க்கடலை வாங்கினாள், ஆதிரைக்குக் கொடுத்தாள், மறுபடி அழுதாள். இறங்கும்போது மருந்துச் சீட்டை இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கினாள், ஆதிரை ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் தெருவில் மணி நாலாகி, நாலு ஒன்றாகி, நாலேகால் ஆயிற்று. மேசையில் பிரமு உட்கார்ந்திருந்தாள். மூணே முக்காலுக்கு வந்த எதிர்வீட்டம்மாவிடம், "அஞ்சு மணிக்கு மேல வாங்க மதினி, தேடித் தாரேன்" என்று உட்கார்ந்தபடியே சொல்லி அனுப்பினாள். அன்று மாலை அவனிடம் வந்து, ஏதோ பொருட்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவள்போல, "நாலரைன்னு ஒரு மணி இருக்குங்க. நான் இன்னைக்குத்தான் பாத்தேன். அப்பம் நம்ம மேசை மேல மஞ்சளா ஒரு வெயில் விழுது தெரியுமா?" என்றாள். "எல்லாம் சரியாயிட்டுன்னு சொல்லல. தலைக்குள்ள சந்தை கலைஞ்ச மாதிரி இருக்கு. ஒரு ஆளு பேசுதது ஒரு ஆளு பேசுத மாதிரி கேக்கு." பத்து நாளில் மூன்று பாடம் முடித்தாள்.

தெரு வாடியது. அண்டாக்கள் பாதியில் நின்றன, ரவிக்கைகள் தேங்கின, யாரும் யாரிடமும் சொல்லாமல் எல்லோருக்கும் கோபம் வந்தது, சருகுக்காகச் சண்டை நடந்தது. பத்தாம் நாள் சொர்ணவேல் சாரும் ஆக்னஸ் அக்காவும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். உலகநாதன் நாற்காலி எடுத்துப்போட்டான். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் கதவோரம் நின்றான்.

"நல்லா இரு ஏட்டி, நல்லா படி, வேண்டாம்னு சொல்லல" என்றாள் ஆக்னஸ் அக்கா. "பரிச்சை இன்னும் ஆறு மாசத்துல வராதா?"

"இனி வராதுக்கா."

"மாத்திரை எல்லாம் ஒடம்புக்கு நல்லதா என்னன்னு விசாரிச்சியளா?" என்றார் சொர்ணவேல் சார். "நாங்க எங்களுக்காகக் கேக்கல. தங்கையாவ நெனச்சுத்தான் கேக்கோம். அந்த மனுசன் கண்ணசந்து பத்து நாள் ஆச்சு."

தங்கையா சார் அவர்களோடு வரவில்லை. யாரையும் அனுப்பவும் இல்லை. ஆனால் மறுநாள் காலை குழாயடியில், குடம் நிரம்பி வழிந்து காலெல்லாம் நனைய, நின்றபடியே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து "ஏங்க, ஏங்க" என்று ரூத் டீச்சரின் குரல் வந்துகொண்டிருந்தது. பிரமு அதைப் பார்த்தாள். குழாயை அடைத்தாள். வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவை ரவை டின்னுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள்.

மூன்றாம் நாள் பஸ் ஹாரன் நூலாக இழுத்தது. தெருவே வாசலுக்கு வந்து கேட்டது. அன்று ஆக்னஸ் அக்கா வீட்டிலிருந்து ஆப்பம் வந்தது, சொர்ணவேல் சார் வீட்டிலிருந்து பால்பாயசம் வந்தது, அதை அவரே தூக்கில் எடுத்துவந்து உலகநாதன் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஆதிரையின் தலையை ஆசையாகத் தடவினார்.

"பாப்பாவுக்கும் லேசா உண்டுன்னு டாக்டரம்மா சொன்னாவளாமே?" என்றார், நல்ல செய்தி கேட்டவர்போல. "வளர வளரக் கூடும். காலையிலயும் ஒரு மணி நேரம் கெடைச்சிட்டுன்னா தெருவுக்கு ஒரு கவலையும் இல்ல."

உலகநாதன் தூக்கை வாங்கிக்கொண்டான். பாயசம் சூடாக இருந்தது. மகள் ஒரு செருப்பை மாட்டிவிட்டு, மற்றதை மாட்டாமல், வேப்பமரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். அவளையே தெருவின் நாலைந்து வாசல்களிலிருந்து ஆட்கள் பிரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை பிரமு துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். துணியை எடுத்துப் பிழிந்தான், பிழிந்ததையே மறுபடி பிழிந்தான்.

"ஒண்ணு சொல்லணும்" என்றான். "அந்த நாலு மணிக்கு வாராவள்லா எல்லாரும்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"டைம்டேபிள் போட்டு வாராவ. எனக்கு மறதிதான், புத்திக்கு ஒண்ணும் கொறை இல்ல." சோப்பு நுரையைக் கையிலிருந்து வழித்தாள். "நகவெட்டி உங்க சட்டைப் பையில இருந்துச்சு. மூணு திங்கக்கெழமையும் துவைக்கையில நாந்தான எடுத்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேக்கணும்னுதான் நெனச்சேன். மறந்துட்டேன்." அவளுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "நானும் ஒண்ணு கேக்கணும். நீங்க வந்த பொறவுதான தெருவுக்கு இது கெடைக்கி. அதுக்கு முன்ன பதினேழு வருசமும் எனக்கு நாலுக்கு அடுத்தது அஞ்சுதான். அப்பம் எல்லாம் அது எங்க போச்சு?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அட்டைப்பெட்டிகளின் வாசம் வந்தது. கிடங்கில் இரண்டரை மணி மற்றவர்களுக்கு ஒரு நிமிஷம் இருந்தது, தனக்கு மட்டும் ஒரு மணி நேரம் இருந்தது என்றும், அதில் தூங்கித்தான் அந்த வேலையைத் தாக்குப்பிடித்தான் என்றும், கூட இருந்த மலையாளிகள் கேலி செய்வார்கள் என்றும் சொன்னான். பிரமு ஈர விரல்களை மடக்கி எண்ணினாள். "அங்க ரெண்டரைன்னா இங்க நாலு" என்றாள்.

நிரம்பி வழிந்த பக்கெட்டைக் குழாயடியிலிருந்து நகர்த்தினாள்.

"தூக்கம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

"நல்லா இருந்துச்சு."

"போகட்டும். நீங்களாவது தூங்குனியல்லா." துணியை உதறினாள். "இப்பம் மட்டும் என்ன? மாத்திரை போட்டா நான் பாஸ் பண்ணிருவேன், தங்கையா சார் நின்னுக்கிட்டே செத்துப்போவாரு. போடலைன்னா சார் தூங்குவாரு, நான் எப்பமும்போல இருப்பேன். எனக்கு இருந்து பழகுனதுதான. பரிச்சை எழுதாட்டா ஆளு சாகுமா?" என்று சொல்லிக்கொண்டே கிளிப்பு எடுக்க உள்ளே போனாள். கிளிப்பு எடுக்கப் போனவள் வரவில்லை. அரை மணி கழித்து அவன் போய்ப் பார்த்தபோது, வரலாற்றுப் புத்தகத்தின் அட்டையைக் கிழிசல் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள், ஒரு குழந்தைக்கு மருந்து போடுகிறவள்போல அவ்வளவு பதமாக.

கதவருகே நின்றிருந்த உலகநாதனுக்கு அப்போது பந்தி ஞாபகம் வந்தது. ரசத்தின் ஆவி வந்தது, பக்கத்து இலைக்காரரின் முழங்கை வந்தது, அந்தப் பக்கம் திரும்பியிருந்த தன் காதுக்குப் பின்னால் மாமனாரின் குரல் வந்தது. "எம் மவ கையில நேரம் தங்காது மாப்பிள, ஆனா அது எங்கயும் போயிராது, யாராவது எடுத்துக்கிடுவாவ. யாரு எடுக்காவன்னு மட்டும் பாத்துக்கிடுங்க." விளங்கிற்றா என்று அவர் பார்த்தார். அவன் தலையாட்டினான்.

அன்று சாயங்காலம் சங்க அறைக்குப் போய் நோட்டைக் கேட்டு வாங்கிவந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ரவை டின்னுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து, அவள் காப்பிக்குப் பக்கத்தில், ஒரு தம்ளர் தண்ணீரோடு வைத்தான்.

"தங்கையா சார்?" என்று கேட்டாள் பிரமு.

"அத நான் பாத்துக்கிடுதேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள், ஜன்னலைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை, காப்பி ஆடை கட்டும்வரை அவனையே பார்த்தாள். பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

மூன்றரைக்கு அவன் வாசல்மணியின் ஒயரைக் கழற்றினான். மூணே முக்காலுக்குக் கடைசி வீட்டுக்குப் போனான். தங்கையா சார் கதவைத் திறந்து, யாரென்று தெரியாதவர்போலப் பார்த்தார். உள்ளே "ஏங்க" என்று ரூத் டீச்சர் கூப்பிட்டாள்.

"நீங்க போயிப் படுங்க சார்" என்றான் உலகநாதன். "என்னத்துக்குக் கூப்புடுதாவன்னு நான் கேக்கேன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்து, திங்களிலிருந்து ஞாயிறுவரை இருந்த ஏழு பெயர்களையும் அடித்தான். ஏழு கட்டங்களிலும் நாலு முதல் அஞ்சு வரை தங்கையா சார் வீடு என்று எழுதி, அதற்கு நேரே ஏழு முறை தன் பெயரை எழுதினான்.